விடுமுறையில் குடும்பத்தோடு தொண்டு: பையன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை, என்ன செய்வது?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தில் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, மற்ற வாசகர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் ஐந்து பேர்: நீங்கள், கணவர், 14 வயது மகன், 7 வயது மகள், 71 வயது மாமனார். ஆண்டு விடுமுறை வந்தால் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு திரை. இதை மாற்ற வேண்டும் என்று போன ஆண்டு ஒரு நாள் இரவு முடிவெடுத்து, மறுநாள் காலையிலேயே எல்லோரையும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அழைத்துப் போனீர்கள். மகனைக் கிளப்புவதற்குப் புது ஹெட்போன் வாங்கித் தருவதாகச் சொன்னீர்கள். வந்தான், ஆனால் வண்டியை விட்டு இறங்கவில்லை. மகள் தன் வயதுச் சிறுமி ஒருத்தியோடு இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டு, “அடுத்த வாரம் வர்றேன்” என்று சொல்லிக் கிளம்பினாள். அன்று இரவு அழுகை நிற்கவில்லை. அங்கே எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டீர்கள். உடனே நீக்கச் சொல்லி இல்லத்திலிருந்து செய்தி வந்தது, அந்த அவமானம் இன்னும் உறுத்துகிறது. “பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம்” என்கிறார் கணவர். மாமனாருக்கு மூட்டு வலி, ஆனாலும் அவரை விட்டுவிட்டுப் போக உங்களுக்கு மனமில்லை. அடுத்த விடுமுறைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மகனைக் கட்டாயப்படுத்தலாமா, எங்கே போவது, இதை வீட்டு வழக்கமாக ஆக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழக்கமாக ஆக்க முடியும். இரண்டு மாதம் தாராளமாகப் போதும். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: “இல்லாத பிள்ளைகளைப் பார்த்தால்தான் இதுங்களுக்கு இருக்கிறதோட அருமை தெரியும்.” போன ஆண்டு நடந்த அத்தனைக்கும் விதை அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அருமை தெரிவதற்காக ஒரு 7 வயதுக் குழந்தையை அங்கே கூட்டிப்போனால், அவள் எடுத்துக்கொண்டு வருவது பெரும்பாலும் பயம்: “எனக்கும் அம்மா அப்பா இல்லாமப் போயிட்டா?” 14 வயதுப் பையனுக்கோ, தன்னைத் திருத்துவதற்காக யாரோ ஒரு பிள்ளையின் கஷ்டத்தைக் காட்டுகிறார்கள் என்பது உடனே புரிந்துவிடும். அவன் கோபத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்கும் அது புரியும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். விடுமுறைதோறும் புதுப்புது முகங்கள் வந்து பரிசு கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.

குழந்தைகள் இல்லம் இனி வேண்டாம்

இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஓரிரு மணி நேரம் வந்து கொஞ்சிவிட்டுப் போகிற பார்வையாளர்கள், ஏற்கெனவே பிரிவைச் சந்தித்த பிள்ளைகளுக்கு இன்னொரு சின்னப் பிரிவைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் மகள் ஒரு இரவு அழுதாள், சமாதானம் செய்ய நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அந்தச் சிறுமி “அடுத்த வாரம்” என்றதை நம்பியிருந்தால் அவளுடைய வாரம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். பார்வையாளர்களின் பணத்தை நம்பி இல்லம் நடத்துகிறவர்கள், வீட்டில் இருக்க வேண்டிய பிள்ளைகளையும் கொண்டுவந்து சேர்க்கும் கொடுமை சில நாடுகளில் நடந்திருக்கிறது. குழந்தை உரிமைகள் பற்றி 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம், இல்லங்களில் தன்னார்வலர்களாகப் போகிறவர்களால் விளையும் தீங்கையும் குறிப்பிட்டுப் பேசுகிறது.

இன்னொன்று. உங்களை அன்று யாரும் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அதைப் பெருந்தன்மை என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு அது அபாய மணியாகக் கேட்கிறது. பிள்ளைகளைப் பொறுப்போடு பார்த்துக்கொள்ளும் இடம் அடையாளச் சான்று கேட்கும், பின்னணி விசாரிக்கும், பெரும்பாலும் “வேண்டாம்” என்றுதான் சொல்லும். அந்தப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டுமானால் பொறுப்பாளரிடம் கேட்டு, அவர் சொல்லும் பொருளையோ படிப்புச் செலவையோ கொடுங்கள். உள்ளே போக வேண்டியதில்லை.

மகன் விஷயம்

முந்தின இரவில் சொல்லி மறுநாள் காலையில் கிளப்பினால் பெரியவர்களே முகம் சுளிப்போம். 14 வயதில் அதற்கு மேல் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது: தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ, அம்மா படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவாளோ என்று. இரண்டாவது பயம் உண்மையாகவே ஆகிவிட்டது.

ஹெட்போன் பேரத்தை மறுபடியும் செய்யாதீர்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. படம் வரைவதில் தானாகவே ஆர்வம் காட்டிய மழலையர் பள்ளிக் குழந்தைகள் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, எந்த வாக்குறுதியும் பெறாத குழந்தைகளைவிட இவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. வார்னெகன், டொமசெல்லோ இருவரும் 2008-இல் 20 மாதக் குழந்தைகளிடம் இதே போக்கைக் கண்டார்கள்: உதவியதற்குப் பொருள் பெற்ற குழந்தைகள், பிறகு உதவுவதைக் குறைத்துக்கொண்டன. கூலி பேசியதும் அது கூலி வேலையாகிவிடுகிறது.

கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும் அதற்கு உரிய மதிப்புப் பெறவும் பிள்ளைக்கு உரிமை தருகிறது. 31-ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாக்குகிறது. ஆகவே விடுமுறை அவனுக்கும் சொந்தம். அதே சமயம், வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்யும் ஒன்றில் அரை நாள் கலந்துகொள்ளச் சொல்வது கொடுமையும் ஆகாது. ஒரு அரை நாள் வீட்டுக்கு என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். எந்த நாள், எந்த வேலை, எந்த இடம் என்பதை அவன் தீர்மானிக்கட்டும், மூன்று இடங்களை விசாரித்து வைக்கும் பொறுப்பும் அவனுடையதாக இருக்கட்டும். படம் எடுக்க மாட்டேன் என்று முதல் நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள். பேச்சுவார்த்தை பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அப்படியும் “மாட்டேன்” என்றால் இந்த ஒரு ஆண்டு விட்டுவிடுங்கள். வீட்டில் இருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, திரை முன்னால் உட்காரும் பையனுக்குப் பொருந்தும். 2014-இல் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும், யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மனிதநேயக் குழுவும் சேர்ந்து தொடங்கிய ‘மிஸ்ஸிங் மேப்ஸ்’ திட்டத்தில், உதவப் போகிறவர்களுக்கு வழி தெரிவதற்காக, வரைபடத்தில் இல்லாத ஊர்களின் வீடுகளையும் சாலைகளையும் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடு இழுத்துக் குறிக்க வேண்டும். நிலப்பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பார்கள். புதியவர்கள் கூரையை ஒட்டிக் கோடு போட்டு அப்படியே விட்டுவிடுவார்கள், அல்லது நிழலையும் சேர்த்துக் கட்டடம் என்று குறித்துவிடுவார்கள். படம் சாய்வாக எடுக்கப்பட்டிருப்பதால் சுவர் தரையைத் தொடும் இடத்துக்கு அந்த உருவத்தை நகர்த்த வேண்டும். அனுபவசாலி ஒருவர் பின்னால் சரிபார்ப்பார். வயது வரம்பைப் பார்த்துவிட்டு, உங்கள் மேற்பார்வையில் கணக்குத் தொடங்கட்டும்.

கணவர் சொல்வது பாதி சரி

அவரை மடக்கிப் பேசாதீர்கள். பல அமைப்புகளுக்கு ஆட்களைவிடப் பணம்தான் அதிகம் உதவும். மொத்தமாக வாங்கும் இடத்தில் நம்மைவிட மலிவாக வாங்குவார்கள், எது இல்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் மட்டும் வருகிற ஐந்து பேர் இரண்டு மணி நேரம் உழைத்தால் பத்து மணி நேர உழைப்பு. அதற்கு வேலை சொல்லிக்கொடுக்க ஊழியர் ஒருவருக்கு அரை மணி, நாம் செய்ததைச் சரிபார்க்க இன்னொரு அரை மணி. வேலை எளிதானதாக இருந்தால் கணக்கில் லாபம் நிற்கும். சுவருக்கு வண்ணம் அடிக்கிறேன் என்று போய், மறுவாரம் ஆள் வைத்து மறுபடி அடிக்க வைத்தால் நஷ்டம்தான்.

எனவே இரண்டையும் செய்யுங்கள். பணத்துக்கு அவர் பொறுப்பு: அமைப்பு பதிவு பெற்றதா, தணிக்கை செய்த கணக்கை வெளியிடுகிறதா, ரசீது தருகிறதா என்று பார்த்துக் கொடுப்பது. எந்த அமைப்புக்கு என்பதில் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வாக்கு.

ஐந்து பேருக்கும் வேலை இருக்கிற இடம்

உங்கள் வீட்டுக்கு என் முதல் பரிந்துரை, நன்கொடையாக வரும் பொருள்களைத் தரம் பிரித்துப் பெட்டி கட்டும் இடம். பயன்பெறுகிறவர் எதிரில் நிற்க மாட்டார், யாரும் யாரையும் பார்த்து இரக்கப்பட வேண்டியதில்லை. உட்கார்ந்து செய்யும் வேலை, நின்று செய்யும் வேலை, தூக்கும் வேலை மூன்றும் அங்கே உண்டு.

மேசை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கலந்து கட்டிய பைகள் வந்து குவியும். மேசையின் ஒரு முனையில் நாற்காலி போட்டு உங்கள் மாமனார். ஒவ்வொரு பொட்டலத்திலும் காலாவதித் தேதியைப் படிப்பது அவர் வேலை. ஓய்வுபெற்ற கணக்காளர் என்று எழுதியிருக்கிறீர்கள், இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். 03/07 என்று இருந்தால் அது மார்ச் 7-ஆ, ஜூலை 3-ஆ என்பது பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதைப் பொறுத்தது. இளைஞர்கள் வேகத்தில் தவறவிடுவது இதைத்தான். அவருக்கு அடுத்து நீங்கள்: டின் உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, மூடி விளிம்பிலோ பக்கவாட்டு இணைப்பிலோ நசுங்கியிருந்தாலோ கழித்துவிட வேண்டும். மகள் ஒரே மாதிரிப் பொருள்களைக் கூட்டமாகச் சேர்த்து அடுக்கி, பெட்டிக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டுவாள். மகன் எண்ணிக்கை எழுதி, நாடா ஒட்டி மூடுவான். கணவர் தூக்கி அடுக்குவார்.

கெட்டுப்போவது எங்கே என்றால், சோப்புத் தூளையும் உணவுப் பொருளையும் ஒரே பெட்டியில் வைப்பதில்; வாசனை ஏறி மொத்தப் பெட்டியும் வீணாகும். ஆர்வத்தில் விளிம்புவரை நிரப்பியதும் அடி பிய்ந்துபோகும். அவர்கள் வேறு அளவு சொல்லாதவரை பெட்டி 10 கிலோவைத் தாண்ட வேண்டாம், மகள் கையில் 2 கிலோவுக்கு மேல் வேண்டாம். வெளியே என்ன இருக்கிறது என்று எழுதாத பெட்டியை மறுநாள் யாரோ பிரித்துப் பார்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். துணி பிரிக்கும் இடமாக இருந்தால் ஈரம்தான் எதிரி. ஈரமான ஒரு சட்டை பை முழுவதும் பூஞ்சை பிடிக்க வைத்துவிடும்.

இது கிடைக்காவிட்டால் கடற்கரை, ஏரிக்கரைத் துப்புரவு. 1986-இல் தொடங்கிய சர்வதேசக் கடலோரத் தூய்மைப் பணியில் பொறுக்குவதோடு ஒவ்வொரு பொருளையும் வகை பிரித்து எண்ணிப் பதிவு செய்கிறார்கள். எண்ணிக் கோடு போடுவது 7 வயதுக்காரிக்கு வாகான வேலை. மூடிய காலணி, தடித்த கையுறை கட்டாயம். ஊசியோ உடைந்த கண்ணாடியோ கண்ணில் பட்டால் பிள்ளைகள் தொடக் கூடாது, அங்கேயே நின்று பெரியவரைக் கூப்பிட வேண்டும். கிளம்பும் முன் வீட்டிலேயே இதைச் சொல்லிப் பழக்குங்கள். மாமனாருக்கு மணலில் நடப்பது கடினம் என்பதால் இதை இரண்டாவதாக வைக்கிறேன். விலங்குக் காப்பகம் என்று மகள் கேட்பாள். பல இடங்களில் சிறுவர்களை நாய் அருகே விடுவதில்லை, அது சரியான விதிதான்.

போன் செய்யும்போது கேளுங்கள்

விடுமுறைக்கு ஆறு வாரம் முன்னதாகவே கூப்பிட்டுவிடுங்கள். பண்டிகை, விடுமுறை நாள்களில் உதவ வருகிற கூட்டம் அலைமோதும், அடுத்த மாதம் ஆளே இருக்காது. ஆகவே “நாங்கள் இந்தத் தேதியில் வருகிறோம்” என்று ஆரம்பிக்காமல், “உங்களுக்கு எந்த வாரம் ஆள் குறைகிறது?” என்று ஆரம்பியுங்கள். பிறகு இவை:

- குறைந்தபட்ச வயது என்ன? ஒரு பிள்ளைக்கு எத்தனை பெரியவர் உடன் இருக்க வேண்டும்?
- எங்களுக்கு வேலை சொல்லித்தரும் நபர் முழு நேரமும் இருப்பாரா?
- அடிபட்டால் என்ன ஏற்பாடு? தன்னார்வலருக்குக் காப்பீடு உண்டா? பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் வேண்டுமா?
- முதியவருக்கு நாற்காலி, பக்கத்தில் கழிப்பறை, படி ஏறாமல் போகும் வழி உண்டா?
- வருகிறவர்கள் கொண்டுவருவதில் உங்களுக்குத் தொந்தரவான பொருள் எது?

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது பெரும்பாலும் சிரிப்பார்கள், பிறகு மனம் திறந்து பேசுவார்கள். ஒரு இடத்தின் குணம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

அந்த நாளும் அதற்குப் பிறகும்

முதல் முறை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மகளுக்கு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கவனம் கலையும், நடுவே பதினைந்து நிமிட இடைவேளை வையுங்கள். அவள் சோர்ந்தால் வெளியே கூட்டிப்போகும் ஆள் யார் என்று உங்களுக்கும் கணவருக்கும் முன்பே முடிவாகியிருக்கட்டும், மற்ற நான்கு பேரும் அவளோடு எழுந்து வர வேண்டாம். யாருக்காவது காய்ச்சல், இருமல் என்றால் அவர் வீட்டில் இருக்கட்டும். அமைப்புக்கு முந்தின நாளே சொல்லிவிட்டால் அவர்கள் வேறு ஆள் பார்ப்பார்கள். சொல்லாமல் வராமல் இருப்பதுதான் அவர்களுக்கு மிகப் பெரிய தலைவலி.

திரும்பும் வழியில் “என்ன கத்துக்கிட்டே?” என்று கேட்காதீர்கள், அது தேர்வுக் கேள்வி. “எது போர் அடிச்சுது? அந்த மேசையை வேற மாதிரி போட்டிருக்கலாமா?” என்று கேளுங்கள். மகனுக்கு நிச்சயம் அபிப்பிராயம் இருக்கும். ஒரு நோட்டில் இடம், தேதி, எத்தனை மணி நேரம், என்ன சொதப்பியது என்று நாலு வரி எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு ஏற்பாடு செய்பவர் அதைப் பார்த்துத்தான் தொடங்குவார், அந்தப் பொறுப்பு முறை வைத்து மாறட்டும். இடத்தை மட்டும் மூன்று ஆண்டாவது மாற்றாதீர்கள். இரண்டாம் முறை போகும்போதே வேலை சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படாது. ஆண்டுக்கு ஒரு முறை போதாது என்று பின்னால் தோன்றினால், கூட்டம் இல்லாத மாதத்தில் இன்னொரு நாளைச் சேருங்கள். ஐ.நா. பொதுச்சபை 1985-இல் டிசம்பர் 5-ஐப் பன்னாட்டுத் தன்னார்வலர் நாளாக அறிவித்தது. தேதி தேடுகிறவர்கள் அதையும் பார்க்கலாம், ஆனால் அவர்களுக்கு ஆள் குறைகிற வாரம்தான் முதலில்.

அந்தப் படமும் அந்த வாக்கும்

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிட்டது என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கலாம். குடும்பக் குழுவில் அனுப்பியிருந்தால் அங்கிருந்தும் நீக்கச் சொல்லுங்கள், உங்கள் போனிலும் அதன் மேகச் சேமிப்பிலும் (கிளவுட்) அழித்துவிடுங்கள். சீருடை, பெயர்ப் பலகை, இடக்குறிப்பு மூன்றும் ஒரு குழந்தை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். யாரிடமிருந்தோ மறைத்துப் பாதுகாக்கப்படும் பிள்ளைகளும் இல்லங்களில் இருக்கலாம். பொறுப்பாளருக்கு இரண்டு வரி போதும்: அனுமதி கேட்காமல் எடுத்தது தவறு, எல்லா இடத்திலும் அழித்துவிட்டோம். காரணம் விளக்கி நீட்டாதீர்கள்.

அதே கடிதத்தில் மகள் சொன்ன வாக்கைப் பற்றியும் கேளுங்கள்: “எங்கள் மகள் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டாள், வர முடியவில்லை. அந்தச் சிறுமிக்கு ஒரு கடிதம் அனுப்பினால் நல்லதா, வேண்டாமா? நீங்கள் சொல்வதுபோல் செய்கிறோம்.” வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். மகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: “நீ சொன்னது பொய் இல்லைடா, உன்னைக் கேட்காம கூட்டிட்டுப் போனது அம்மா தப்பு. அவளைப் பார்த்துக்கிற பெரியவங்ககிட்ட கேட்டேன், இப்போ போகாம இருக்கிறதுதான் அவளுக்கு நல்லதுன்னு சொன்னாங்க.” சரி என்றால், மகளே தன் கையால் எழுதட்டும். விளையாடிய விளையாட்டைப் பற்றி எழுதலாம், ஒரு படம் வரையலாம். மறுபடி வருவேன் என்ற வரி வேண்டாம், வீட்டு முகவரியும் வேண்டாம். உறையை ஒட்டாமல் பொறுப்பாளர் பெயருக்கு அனுப்புங்கள், அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்.